காசுக்கு வரையாத படங்கள்

உயர்தரத்தில் சித்திரப் பாடத்தைத் தெரிவு செய்த நாளிலிருந்து உம்மா கேட்பது ஒரே கேள்விதான்: "படம் கீறிச் சோறு தின்ன ஏலுமா மகள்?" அதற்குப் பதில் தேடித்தான் ஜோன் சிங்கர் சார்ஜன்டைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

இவர் 1856இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். தாயாரும் நீர்வர்ணம் தீட்டுபவர். சார்ஜன்ட் இலண்டனில் குடியேறி, செல்வந்தர்களையும் சீமாட்டிகளையும் எண்ணெய் வர்ணத்தில் வரைந்து பெரும் புகழும் பணமும் பெற்றார். ஆகவே உம்மாவுக்கு "ஏலும்" என்றே பதில் சொல்லலாம். ஆனால் 1907 அளவில், புகழின் உச்சியில் இருக்கும்போதே, அவர் அந்தத் தொழிலைப் பெரும்பாலும் கைவிட்டார்!

பயணங்களில் தமக்காகத் தீட்டிய நீர்வர்ணப் படங்களில்தான் அவருடைய மனம் இருந்தது. வெனிஸில் படகில் அமர்ந்தே வரைந்தார். அதனால் மாளிகைகள் பாதி வெட்டுண்டு, நீர்மட்டத்திலிருந்து பார்ப்பதுபோல் தெரிகின்றன. 1905–06இல் மத்திய கிழக்கில் பயணம் செய்தபோது நீலத் தலைத்துணி அணிந்த இரு பதவி அரபிகளை வரைந்தார். முகங்கள் தெளிவாக இருக்க, ஆடைகளோ கீழே போகப் போக வெறும் தூரிகை வீச்சாகக் கரைந்துவிடுகின்றன. காசு கொடுத்து வரைவிக்கும் சீமாட்டி தன் பட்டாடையை இப்படி விட்டுவிடச் சம்மதிப்பாரா?

எனக்கு மிகவும் பிடித்தது 1909இல் கோர்பு தீவில் வரைந்த சிறிய வெள்ளை வீடு. நீர்வர்ணத்தில் தாளின் வெண்மையே வெளிச்சம். ஒருமுறை மூடினால் அதை முழுதாக மீட்பது கடினம். (அவர் சில இடங்களில் வெள்ளை வர்ணமும் பாவித்திருக்கிறார், எங்களுக்கு அது ஓர் ஆறுதல்.) அந்த வீட்டின் சுவரில் விழும் மரநிழல்களில் கறுப்பைத் தேடினால் கிடைக்காது. எல்லாம் நீலமும் ஊதாவும்தான்.

இப்படங்களை விற்க அவர் விரும்பவில்லை. இருந்தும் 1909இல் நியூயோர்க்கில் காட்சிக்கு வைத்தபோது புரூக்ளின் நூதனசாலை 83 படங்களை ஒன்றாக வாங்கியது.

போன வாரம் நானும் எதிர்வீட்டுச் சுவரை மாலை வெயிலில் தீட்டினேன். முதல் இரண்டு தாள்களும் சேறாகிப் போயின. மூன்றாவதை உம்மா கையில் எடுத்தார்.

"வெள்ளைச் சுவருக்கு ஏன் மகள் நீலம் பூசினீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. உம்மா வாசலுக்குப் போய், எதிர்ச்சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.