பழைய பங்கு விலையைப் படிப்பது எப்படி?

நாளிதழின் வர்த்தகப் பக்கத்தை நம்மில் பெரும்பாலோர் படிக்காமலே புரட்டிவிடுகிறோம். பொடி எழுத்தில் கம்பெனிப் பெயர்களும் எண்களும் எறும்பு வரிசைபோல் நீளும் அந்தப் பக்கம் நமக்கு உரியதன்று என்பது நம் எண்ணம். ஆனால் அப்பாவின் பெயரில் உள்ள பங்குகளை விற்கலாமா, வைத்திருக்கலாமா என்ற கேள்வி ஒரு நாள் வீட்டில் எழக்கூடும். அன்று முடிவு சொல்ல வேண்டியவர் அம்மாவாகவோ, வளர்ந்த மகளாகவோ இருக்கலாம். அவர்கள் கைக்கு முதலில் வருவது அந்தக் கம்பெனியின் பழைய விலைப் பட்டியல்தான். அதைப் படிக்கத் தெரியாமல் இருப்பதைவிடத் தவறாகப் படிப்பது அதிக ஆபத்தானது.

பட்டியலின் அமைப்பு எளிது. ஒவ்வொரு வியாபார நாளுக்கும் ஒரு வரி. அதில் தொடக்க விலை, அன்றைய உச்ச விலை, தாழ்ந்த விலை, முடிவு விலை, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை ஆகியவை இருக்கும். ஒரு நாளின் விலை என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது முடிவு விலையே. கடைசியில் உள்ள எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். பத்துப் பங்குகளே கைமாறிய நாளில் பதிவான விலையை நம்பி, நம்மிடம் உள்ள ஆயிரம் பங்குகளுக்கும் அதே விலை கிடைக்கும் என்று கணக்குப் போடலாகாது. 1875-இல் தோன்றிய பம்பாய்ப் பங்குச் சந்தையும், 1994-இல் பங்கு வியாபாரத்தைத் தொடங்கிய தேசியப் பங்குச் சந்தையும் பழைய விலைகளைத் தங்கள் இணையதளங்களில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன.

இனி ஓர் உண்மைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். பெங்களூரைச் சேர்ந்த இன்ஃபோசிஸ் என்ற கணிப்பொறி மென்பொருள் கம்பெனி 1993-இல் பொதுமக்களுக்குத் தன் பங்குகளை விற்றது. முகமதிப்பு 10 ரூபாய். விற்பனை விலை 95 ரூபாய். அதே ஆண்டு ஜூன் மாதம் சந்தையில் அது முதன்முதலாக 145 ரூபாய்க்கு விலைபோயிற்று. இன்று ஒரு மாணவி கணிப்பொறியில் இந்தக் கம்பெனியின் விலை வரைபடத்தைத் திறந்து, கோட்டின் இடது ஓரத்தைப் பார்த்தால் 95-ஐயும் காணமாட்டாள், 145-ஐயும் காணமாட்டாள். அங்கே விலை வெறும் காசுக் கணக்கில் நிற்கும். ஒரு பங்கு பத்துக் காசுக்குக்கூட விற்றதா என்று அவள் வியப்படைவாள். அப்படி யாரும் விற்கவுமில்லை, வாங்கவுமில்லை.

நடந்தது இதுதான். தன் லாபச் சேமிப்பின் ஒரு பகுதியை மூலதனமாக மாற்றும் கம்பெனி, பங்குதாரர்களிடம் பணம் கேளாமல் அவர்களுக்குப் புதிய பங்குகளைக் கொடுப்பதுண்டு. இதற்குப் போனஸ் பங்கு என்று பெயர். இன்ஃபோசிஸ் 1994, 1997, 1999 ஆகிய ஆண்டுகளில் ஒன்றுக்கு ஒன்று வீதம் போனஸ் கொடுத்தது. 2000-இல் 10 ரூபாய்ப் பங்கை இரண்டு 5 ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தது. 2004-இல் ஒன்றுக்கு மூன்று போனஸ். பின்னர் 2006, 2014, 2015, 2018 ஆகிய ஆண்டுகளில் மறுபடியும் ஒன்றுக்கு ஒன்று. பெருக்கிப் பாருங்கள்: 1993-இல் வாங்கிய ஒரு பங்கு இப்போது 1,024 பங்குகள் ஆகியிருக்கும். 95 ரூபாயை 1,024-ஆல் வகுத்தால் ஒன்பது காசுக்குச் சற்று அதிகம். வரைபடத்தின் தொடக்கத்தில் தெரியும் காசுக் கணக்கு இப்படி வந்ததுதான். பழைய விலையை இன்றைய பங்கின் அளவுக்குச் சுருக்கிக் காட்டுகிறார்கள். அதற்குச் சரிசெய்த விலை என்று பெயர்.

போனஸ் என்றதும் சிலர் பொங்கல் பரிசு வந்ததுபோல் மகிழ்ச்சி அடைகிறார்கள். ஆழாக்குப் பாலில் ஆழாக்குத் தண்ணீர் ஊற்றினால் அளவு கூடும், பால் கூடாது. ஒரு தோசையை நான்காகப் பிய்த்துத் தட்டில் வைத்தால் குழந்தைக்கு வேண்டுமானால் நாலு தோசையாகத் தெரியும். ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தால் பங்கின் விலை ஏறத்தாழப் பாதியாகிவிடும். 2018 செப்டம்பர் தொடக்கத்தில் 1,400 ரூபாய்க்கு மேல் இருந்த இன்ஃபோசிஸ் பங்கு, போனஸ் கணக்கில் வந்த நாளில் 700 ரூபாய்க்குச் சற்று மேலே வியாபாரமாயிற்று. விவரம் தெரியாத ஒருவர் சரிசெய்யாத பட்டியலைப் பார்த்தால், கம்பெனியே கவிழ்ந்துவிட்டது என்று பதறி, இருப்பதை விற்றுவிட்டு ஓடுவார். ஒரே நாளில் விலை பாதி அல்லது கால் பங்காகக் குறைந்திருந்தால், முதலில் போனஸோ பிரிப்போ நடந்ததா என்று பாருங்கள். பதற்றத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இதன் மறுபுறத்தை நம் சென்னையிலேயே காணலாம். 1946-இல் மாமன் மாப்பிள்ளை அவர்கள் திருவொற்றியூரில் விளையாட்டு பலூன் தயாரிக்கத் தொடங்கிய தொழில்தான் பிற்காலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி ஆயிற்று. 2023 ஜூன் 13 அன்று அதன் ஒரு பங்கு 1 லட்சம் ரூபாயைத் தாண்டிற்று. இந்தியாவின் மிகப் பெரிய கம்பெனி இதுதான் போலும் என்று அன்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் அதன் மொத்தப் பங்குகள் ஏறக்குறைய 42 லட்சம்தான். இன்ஃபோசிஸ் பங்குகளோ 400 கோடிக்கு மேல். அன்றைய விலையில் பெருக்கினால் எம்.ஆர்.எஃப். சுமார் 42,000 கோடி ரூபாய். ஒரு பங்கு 1,300 ரூபாய் அளவில் இருந்த இன்ஃபோசிஸ் 5 லட்சம் கோடிக்கு மேல். ஆகவே விலை என்ற ஒற்றை எண்ணைக் கொண்டு பெரிது சிறிது பேசுவது, எத்தனை பக்கம் என்று பாராமல் அட்டையின் கனத்தை வைத்துப் புத்தகத்தை எடைபோடுவதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் எப்பொழுதும் சரிசெய்த விலையையே பார்த்தால் போதுமா? போதாது. 2018-இல் வருமான வரிச் சட்டம் மாறி, நீண்ட காலம் வைத்திருந்து விற்ற பங்குகளின் லாபத்துக்கும் வரி வந்தபோது, பழைய முதலீட்டாளர்களுக்கு ஒரு சலுகை தரப்பட்டது. அதன்படி 2018 ஜனவரி 31 அன்று சந்தையில் பதிவான உச்ச விலை வரை ஏற்கெனவே சேர்ந்திருந்த லாபத்துக்கு வரி இல்லை. அன்று இன்ஃபோசிஸ் விலை 1,100 ரூபாய்க்கு மேல். செப்டம்பரில் போனஸ் வந்துவிட்டபடியால், சரிசெய்த பட்டியலில் அதே நாளுக்கு அதில் பாதிதான் தெரியும். அந்தப் பாதியை எடுத்து வரிக் கணக்கில் எழுதினால், பழைய பங்குகளுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய சலுகையில் பாதி போய்விடும். மாறாக, செப்டம்பரில் வந்த போனஸ் பங்குகளுக்கும் 1,100 ரூபாய் என்று எழுதினால் அதுவும் தவறு. அவற்றின் கொள்முதல் விலை சூன்யம். தந்தை விட்டுச்சென்ற பங்குகளை விற்கும் பிள்ளைகளுக்கும் தந்தை வாங்கிய விலையே கணக்கு என்பதால், வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துவது பெரிய உதவி. சுருக்கமாகச் சொன்னால், வளர்ச்சியை அளக்கச் சரிசெய்த விலை; வரிக்கு அன்று உண்மையில் நடந்த விலை.

வளர்ச்சியை அளப்பதிலும் ஒரு சங்கதி உண்டு. 1993-இல் 9,500 ரூபாய்க்கு நூறு இன்ஃபோசிஸ் பங்குகள். அன்றைய விலையில் அது ஏறக்குறைய மூன்று பவுன் நகை. அந்த நூறு பங்குகளே இன்று 1,02,400 ஆகியிருக்கும். ஆண்டுதோறும் வந்த ஈவுத்தொகை இந்தக் கணக்கில் சேராது. விலைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. இந்தக் கதையை ஒரு தரகர் சொன்னால் யாருக்கும் நாக்கில் நீர் ஊறும். ஆனால் அந்தப் பங்குகள் வெளியானபோது போதுமான ஆள் கிடைக்காமல், எஞ்சியதை ஓர் அயல்நாட்டு நிறுவனம் வாங்கியது என்பதையும் அவர் சொல்ல வேண்டும் அல்லவா?

சத்யம் என்ற ஹைதராபாத் கம்பெனியின் கதையையும் அவர் சொல்ல வேண்டும். அதுவும் மென்பொருள் கம்பெனிதான். அதன் பழைய விலைகளும் பல ஆண்டுகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. 2009 ஜனவரி 7 அன்று, கணக்குகளில் லாபத்தைப் பல ஆண்டுகளாகப் பொய்யாக உயர்த்திக் காட்டியதாக அதன் தலைவரே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். முந்தைய நாள் 179 ரூபாயாக இருந்த பங்கு அன்று மாலை 40 ரூபாய்க்கு வந்து நின்றது. இங்கே போனஸும் இல்லை, பிரிப்பும் இல்லை. பணம் உண்மையாகவே போயிற்று. முந்தைய நாள் வரையிலான விலைகளை எத்தனை முறை படித்தாலும் இந்த ஜனவரி 7 அதில் தெரிந்திராது. கம்பெனியின் கணக்கறிக்கையே பொய்யாக இருக்கும்போது, அதை நம்பி ஏறிய விலை எப்படி மெய் பேசும்? இன்றைய பட்டியலில் சத்யம் என்ற பெயரே கிடையாது. இன்று இருக்கும் கம்பெனிகளின் பழைய விலைகளை மட்டும் தொகுத்து, பங்கு என்றாலே லாபம் என்று சொல்பவர்கள், தேர்வில் தேறியவர்களிடம் மட்டும் வினாத்தாள் எளிதா என்று கேட்பவர்களே.

பெயர் இல்லை என்பதால் பங்கும் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சத்யம் 2013-இல் டெக் மகிந்திராவுடன் இணைக்கப்பட்டபோது 17 சத்யம் பங்குகளுக்கு 2 டெக் மகிந்திரா பங்குகள் தரப்பட்டன. எனவே பெட்டியில் பழைய பங்குப் பத்திரம் கிடைத்தால், அதிலுள்ள கம்பெனி பெயர் மாற்றிக்கொண்டதா, வேறொன்றுடன் இணைந்ததா, அதன் பின் எத்தனை போனஸ், எத்தனை பிரிப்பு என்று வரிசையாகத் தேடிப் பெருக்க வேண்டும். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் ஈவுத்தொகை வாங்கப்படாத பங்குகள், முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதி என்ற அரசு நிதிக்குப் போய்விடும். (தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனுக்காவது புதைத்த இடம் தெரிந்திருந்தது, நம் வீடுகளில் பல சமயம் அதுவும் தெரிவதில்லை!) அங்கே போன பங்குகளையும் உரியவரோ வாரிசுகளோ விண்ணப்பம் செய்து திரும்பப் பெறலாம். காகிதப் பத்திரமாக உள்ளவற்றை மின்னணுக் கணக்குக்கு மாற்றிய பின்னரே விற்க இயலும். இவ்வளவுக்கும் முதலில் வேண்டியது, பத்திரத்தின் மீதுள்ள ஃபோலியோ எண்ணை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அது இருக்கும் இடத்தை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வைப்பது.