மேமோகிராம் மிஷினுக்கும் பரீட்சை உண்டு, சான்றைக் கேளுங்கள்

மேமோகிராம் எடுக்கப் போகிறவர்கள் ஸ்கேன் சென்டரில் கேட்பது இரண்டே கேள்விகள்: எவ்வளவு ஆகும், ரிப்போர்ட் எப்போது கிடைக்கும். மிஷின் சரியாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. "டிஜிட்டல் மிஷின்மா, புதுசு" என்று ரிசப்ஷனில் சொன்னதும் தலையாட்டிவிடுகிறோம். புதிது என்பது சான்று ஆகாது. டிஜிட்டல் என்பதும் ஆகாது.

மிஷினைச் சோதிக்கவே 'ஃபேன்டம்' என்றொரு பொருள் இருக்கிறது. அழுத்தப்பட்ட மார்பகத்தின் பருமனில் ஓர் அக்ரிலிக் கட்டை. உள்ளே மெழுகில் பதித்த போலிக் கட்டிகள், நார்கள், துகள்கள். அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரியின் பழைய ஃபேன்டத்தில் 6 நார், 5 துகள் கூட்டம், 5 கட்டி. மிகச் சிறிய துகள் 0.16 மி.மீ. தேற வேண்டுமானால் படத்தில் 4 நார், 3 துகள் கூட்டம், 3 கட்டியாவது தெரிய வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று முன்பே தெரியும் என்பதால் மழுப்ப வழியில்லை. ஆரம்பநிலைப் புற்றுநோய் பலருக்குக் கையில் தட்டுப்படாத சுண்ணத் துகள்களாகத்தான் தலைகாட்டுகிறது. அதைக் காட்டத் தெரியாத மிஷின் தரும் 'நார்மல்' ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்தியாவில் இந்த மிஷின்களுக்கு அனுமதி தருவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 2 ஆண்டுக்கு ஒருமுறை தரச் சோதனை கட்டாயம். சோதனைக்கு ஆள் அமர்த்துவதும் பணம் கொடுப்பதும் சென்டர்காரர்தான். வாரியமோ மும்பையில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே நாம்தான் கேட்க வேண்டும்.

இரண்டு தாள்களைக் கேளுங்கள்: வாரியத்தின் அனுமதிச் சான்று, கடைசித் தரச் சோதனை அறிக்கை. சான்றில் மேமோகிராஃபி என்றே இருக்கிறதா பாருங்கள். சாதாரண எக்ஸ்ரேவுக்கு வாங்கியதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தால் அது உங்களுக்குப் பயன்படாது. மிஷின் தகட்டில் உள்ள சீரியல் நம்பர் இரண்டு தாளிலும் ஒத்துப்போக வேண்டும். சோதனைத் தேதி 2 ஆண்டைத் தாண்டியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் அஞ்சல் ஆணையோடு, சென்டரின் பெயர், முகவரியைக் குறிப்பிட்டு, 'பொதுத் தகவல் அலுவலர், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், நியாமக் பவன், அணுசக்தி நகர், மும்பை 400094' என்று எழுதிப் போடுங்கள். அனுமதி நடப்பில் உள்ளதா, கடைசிச் சோதனை எப்போது என்ற இரண்டு கேள்விகள் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும்.

படத்தை டைகாம் என்ற டிஜிட்டல் வடிவில் சிடியாகக் கேட்டு வாங்குங்கள். பேப்பரில் அச்சிட்ட படத்தில் நுண்துகள் தெரியாது. தர இழுத்தடித்தால் எழுத்தில் கேளுங்கள். 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் டாக்டர் ஆவணங்களைத் தந்தாக வேண்டும். சேவைக் குறைபாட்டால் பாதிப்பு நேர்ந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். அப்போது கையில் இருக்க வேண்டியதும் இந்த சிடியும் ரிப்போர்ட்டும் ரசீதும்தான். வீட்டைச் சுத்தம் செய்யும்போது இவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கவும் பழைய படம் வேண்டும்.

திரும்பவும் சொல்கிறேன்: சீரியல் நம்பர், சோதனைத் தேதி. பார்க்காமல் படம் எடுக்காதீர்கள். கையில் கட்டி தட்டுப்பட்டால், ரிப்போர்ட் நார்மல் என்றிருந்தாலும் சர்ஜனைப் போய்ப் பாருங்கள்.