ஒட்டுத் தெரியாத ஓட்டம்

கைபேசியில் துள்ளும் ஸ்டிக்கர், இணையப் பக்கம் திறக்கும்வரை சுழலும் வட்டம், கணினி விளையாட்டில் யாரும் பொத்தானைத் தொடாதபோதும் மூச்சுவிட்டபடி நிற்கும் வீரன் எல்லாமே ஓரிரு வினாடி நீளமுள்ள படத்தொடர்கள்தான். கடைசிப் படம் முடிந்ததும் முதல் படம் திரும்ப வருகிறது. இப்படி ஓயாமல் ஓடும் அசைவுக்கு லூப் என்று பெயர். அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. முடிவும் தொடக்கமும் சேரும் அந்த ஒட்டை மறைப்பதில்தான் லூப்பின் நுட்பம் முழுதும் இருக்கிறது.

சினிமாவுக்கு முன்பே லூப் பிறந்துவிட்டது. 1832-இல் பெல்ஜியத்தில் ஜோசஃப் பிளாத்தோவும் ஆஸ்திரியாவில் சைமன் ஸ்டாம்ப்ஃபரும் தனித்தனியாக ஒரே கருவியை உருவாக்கினார்கள். ஒரு வட்ட அட்டையில் ஓர் அசைவின் படிநிலைகள் வரிசையாக வரையப்பட்டிருக்கும். விளிம்பில் சிறு பிளவுகள் இருக்கும். அட்டையைக் கண்ணாடி முன் சுழற்றி, பிளவுகளின் வழியே பிம்பத்தைப் பார்த்தால் படங்கள் உயிர்பெற்று அசையும். 1834-இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்னர் அட்டைக்குப் பதில் உருளையைப் பயன்படுத்தினார். வட்டத்துக்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை. அதனால் கடைசிப் படம் தானாகவே முதல் படத்தின் பக்கத்தில் வந்து அமர்ந்தது. அந்த வட்டத்தை ஓரிடத்தில் வெட்டி நேராக விரித்தால் கிடைப்பதே இன்றைய மென்பொருள்களில் காணும் டைம்லைன். வெட்டிய இடத்தை மறுபடி சேர்ப்பது அனிமேட்டரின் பொறுப்பு.

அடோபி அனிமேட், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் ஆகியவற்றில் டைம்லைனின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். இடமிருந்து வலமாக நேரம் ஓடுகிறது. அது ஃபிரேம்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். மேலிருந்து கீழாக லேயர்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு பொருள் எந்த ஃபிரேமில் எங்கே, எப்படி இருக்க வேண்டும் என்று குறித்து வைக்கும் இடம் கீஃப்ரேம். இரண்டு கீஃப்ரேம்களுக்கு நடுவில் உள்ள நிலைகளை மென்பொருளே கணக்கிட்டு நிரப்பிக்கொள்கிறது.

முதலில் ஃபிரேம்களின் எண்ணிக்கை சரியாக வேண்டும். எட்டு ஆரங்கள் கொண்ட ஒரு சக்கரம் வினாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில், ஒரு வினாடிக்கு ஒரு சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். புதிதாகப் பழகுபவர்கள் 1-ஆம் ஃபிரேமில் 0 பாகையும் 24-ஆம் ஃபிரேமில் 360 பாகையும் வைப்பார்கள். ஆனால் 0 பாகையும் 360 பாகையும் ஒரே படம். லூப் ஓடும்போது அந்தப் படம் அடுத்தடுத்து இரு முறை வரும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சக்கரம் ஒரு கணம் திக்கி நகரும். 360 பாகையை 25-ஆம் ஃபிரேமில் வைத்து, ஓட்டத்தை 24-ஆம் ஃபிரேமோடு நிறுத்துவதே சரியான வழி. அப்போது ஃபிரேமுக்கு 15 பாகை வீதம் சக்கரம் நகர்ந்து 24-இல் 345 பாகைக்கு வரும். அடுத்த 15 பாகையில் 1-ஆம் ஃபிரேம் காத்திருக்கும்.

எட்டு ஆரங்களும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் முழுச் சுற்றுகூடத் தேவையில்லை. 45 பாகை நகர்ந்ததும் ஓர் ஆரம் அடுத்த ஆரத்தின் இடத்துக்கு வந்துவிடும். மூன்றே ஃபிரேம்களில் லூப் முடிந்துவிடும். ஓர் ஆரத்தில் மட்டும் சிறு கறை இருந்தாலும் இந்தச் சிக்கனம் பலிக்காது.

நிலை பொருந்தினால் மட்டும் போதாது, வேகமும் பொருந்த வேண்டும். ஆடும் ஊஞ்சல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரு ஓரங்களிலும் அது மெதுவாகி, ஒரு கணம் நின்று திரும்புகிறது. நடுவில் வரும்போதுதான் அதன் வேகம் உச்சத்தில் இருக்கிறது. லூப்பை இடது ஓரத்தில் தொடங்கி அங்கேயே முடித்தால் ஒட்டு தெரியாது, ஏனென்றால் ஊஞ்சலே அங்கே நின்று திரும்புகிறது. லூப்பை நடுவில் தொடங்கினால்தான் சிக்கல். மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியும்படி கீஃப்ரேம்களுக்கு ஈஸ் கொடுத்திருந்தால், முதலும் கடைசியும் ஒரே நிலையில் இருந்தும் ஊஞ்சல் நடுவழியில் தயங்கி நின்று கிளம்பும். அசைவை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்தால் கோளாறு கண்ணுக்கே தெரியும்: வளைகோடு இரு முனைகளிலும் தட்டையாகக் கிடக்கும். கோடு வலது முனையில் எந்தச் சாய்வோடு வெளியேறுகிறதோ, அதே சாய்வோடு இடது முனையில் நுழையும்படி திருத்தினால் தயக்கம் மறைந்துவிடும்.

ஒரே காட்சியில் பல அசைவுகள் இருந்தால் அவற்றின் நீளங்கள் ஒன்றோடொன்று வகுபட்டால் வசதி. சக்கரத்துக்கு 24 ஃபிரேம், ஊஞ்சலுக்கு 48, மேகத்துக்கு 96 என்று வைத்தால் 96-இல் எல்லாம் ஒருசேர முடியும். 24-உம் 36-உம் கலந்தால் 72 வரை போக வேண்டும். பள்ளியில் படித்த மீச்சிறு பொது மடங்கு இங்கே கைகொடுக்கிறது. நீளங்கள் வேறுபடுவதில் இன்னொரு பயனும் உண்டு: ஒரு குட்டி அசைவு பல முறை திரும்ப வருவது எளிதில் கண்ணில் படாது.

மனிதன் நடப்பதை லூப்பாக்குவது அனிமேஷன் மாணவர்களின் முக்கியப் பயிற்சி. ஓர் அடிக்கு நான்கு நிலைகள்: குதிகால் தரையைத் தொடுவது, உடல் எடையைத் தாங்கித் தாழ்வது, ஒரு கால் மற்றதைக் கடப்பது, உடல் எழும்புவது. அடிக்கு 12 ஃபிரேம் என்றால் இரண்டு அடிக்கு 24. இரண்டாம் அடி முதல் அடியின் இடவல மாற்று வடிவம். பாத்திரம் நின்ற இடத்திலேயே நடக்க, பின்னணி எதிர்த்திசையில் நகர்கிறது. ஊன்றிய கால் ஒரு ஃபிரேமில் எவ்வளவு பின்னால் போகிறதோ, தரையும் அதே அளவு போக வேண்டும். இல்லையென்றால் பாதம் வழுக்குவதுபோல் தெரியும். பின்னணிப் படத்தின் வலது ஓரமும் இடது ஓரமும் பொருந்துவதும் அவசியம். ஹன்னா-பார்பெரா நிறுவனத்தின் பழைய தொலைக்காட்சித் தொடர்களில், ஓடும் பாத்திரத்துக்குப் பின்னால் ஒரே சன்னலும் மேசையும் திரும்பத் திரும்ப வந்தது இந்த முறையால்தான்.

வால், கூந்தல், துணி ஆகியவை உடலைவிடச் சற்றுப் பிந்தி அசையும். அதற்காக அவற்றின் கீஃப்ரேம்களைச் சில ஃபிரேம்கள் வலப்புறம் தள்ளுவார்கள். அப்படித் தள்ளும்போது முடிவைத் தாண்டி வெளியே போகும் அசைவு, தொடக்கத்தில் உள்ளே வர வேண்டும். புகை, தீ போன்றவற்றில் எந்த நிலையும் அப்படியே திரும்புவதில்லை. அங்கே காட்சியின் கடைசிப் பகுதி மெல்ல மறைய, முதல் பகுதி அதன்மேல் மெல்லத் தோன்றும்படி கலந்துவிடுவார்கள்.

ஒரே அசைவைக் கையால் நகலெடுத்து அடுக்கத் தேவையில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 'லூப்அவுட்' என்ற கட்டளையும், பிளெண்டரின் கிராஃப் எடிட்டரில் 'சைக்கிள்ஸ்' என்ற வசதியும் அந்த வேலையைச் செய்கின்றன. அனிமேட்டில் நடையைச் சிம்பலாக, அதாவது தனக்கென டைம்லைன் உள்ள தனி உருப்படியாகச் சேமித்துவைத்தால் அது முதன்மை டைம்லைனுக்குள் தன் போக்கில் சுழன்றுகொண்டிருக்கும். முன்னும் பின்னுமாக ஓட்டும் 'பிங்பாங்' முறை மூச்சுவிடுவதற்கும் ஊஞ்சலுக்கும் பொருந்தும். நடைக்கும் அருவிக்கும் பொருந்தாது.

கடைசியாக, கோப்பு வடிவம். கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட ஜிஃப், 1995-இல் நெட்ஸ்கேப் உலாவி சேர்த்த நீட்டிப்பால் முடிவின்றி ஓடத் தொடங்கியது. ஒரு ஃபிரேமுக்கு 256 நிறங்கள்தான் அதில் அடங்கும். ஒவ்வொரு படமும் நிற்கும் நேரத்தை அது வினாடியின் நூறில் ஒரு பங்காக அளக்கிறது. அதனால் வினாடிக்கு 24 ஃபிரேம் என்பது அதில் சரியாக உட்காராது, 25-உம் 20-உம் உட்காரும். நிறம் மிகுந்த காட்சிக்கு வீடியோ ஏற்றது. திரும்ப ஓட்டுவதை அங்கே பெரும்பாலும் பிளேயர்தான் பார்த்துக்கொள்கிறது. எந்த வடிவமானாலும் வெளியிட்ட கோப்பையே பத்து இருபது முறை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். மென்பொருளுக்குள் தெரியாத திக்கல் அங்கேதான் தெரியவரும்.