அச்சுக் கோத்த கைகள்

சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் நெடுஞ்சாலையில் பாடியைத் தாண்டி அம்பத்தூரை நோக்கிப் போகிறவர்களில் பலருக்கு, மண்ணூர்பேட்டை ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயராகவே பரிச்சயமாகியிருக்கும். ஆனால் 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவான நாள் முதலாக, லேத்துப் பட்டறைகளிலும் உதிரிபாகத் தொழிற்சாலைகளிலும் ஜீவனம் தேடி வெளியூர்களிலிருந்து வந்து குடியேறிய எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த வட்டாரமே சொந்த ஊராகிவிட்டது. இங்கே ஒரு பையன் டர்னர் ஆக வேண்டுமானால் அதற்கு வழி தெளிவாக இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு, ஏதேனும் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாக நுழைந்து, கை தேர்ந்த தொழிலாளி ஒருவரின் பக்கத்தில் நின்று, கருவியைப் பிடிக்கும் விதத்திலிருந்து நூலிழை பிசகாமல் கடைந்தெடுக்கும் நுட்பம் வரை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்வான். அதே தெருவில், நைட் ஷிப்டு முடிந்து வந்து நோட்டுப் புத்தகத்தில் கதை எழுதிப் பார்க்கும் இன்னொரு பையனுக்கோ, நாளெல்லாம் மிஷினில் தைத்துவிட்டு வந்து இரவில் கவிதை எழுதும் பெண்ணுக்கோ அத்தகைய வழி ஒன்று இருப்பதாக எவரும் சொல்வதில்லை. எழுத்து என்பது பிறவியிலேயே வாய்க்க வேண்டிய வரம் என்று சொல்லி அவர்களை அனுப்பிவிடுகிறோம். தமிழ் இலக்கியத்தின் சென்ற நூறாண்டுச் சரித்திரத்தைச் சிரத்தையோடு படிப்பவர், எழுத்துக்கும் அப்ரண்டிஸ் காலம் உண்டு என்பதற்கு அதில் சாட்சிகள் மலிந்து கிடக்கக் காண்பார்.

அச்சாட்சிகளுள் என் மனத்துக்கு மிகவும் நெருங்கியவர் விந்தன். செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த நாவலூரில் 1916ஆம் ஆண்டு கோவிந்தன் என்ற பெயரோடு பிறந்த அவருக்கு முறையான பள்ளிப் படிப்புக்கு வசதி வாய்க்கவில்லை. இளமையில் கருமான் வேலை செய்து, இரவுப் பள்ளியில் படித்து, பிறகு சென்னையில் அச்சகத்துக்குள் நுழைந்து அச்சுக் கோப்பவராக வாழ்க்கையைத் தொடங்கினார். 'தமிழரசு' அச்சகம், 'ஆனந்த விகடன்' அச்சகம், அதன்பின் 1941இல் தொடங்கிய 'கல்கி'யின் அச்சகம் என்று அவருடைய ஊழியம் தொடர்ந்தது. அந்தக் கம்பாஸிடர் கதைகளும் எழுதுகிறார் என்று அறிந்த ஆசிரியர் கல்கி, அவற்றைப் படித்துப் பார்த்துப் பிரசுரித்ததோடு நில்லாமல், அவருக்கு 'விந்தன்' என்ற பெயரையும் சூட்டி, அச்சுக்கூடத்திலிருந்து ஆசிரியர் குழுவுக்கே அழைத்துக்கொண்டார். 1946இல் 'முல்லைக் கொடியாள்' என்ற அவருடைய சிறுகதைத் தொகுதிக்குத் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் பரிசு கிடைத்தது. 'கல்கி'யில் தொடர்கதையாக வந்த 'பாலும் பாவையும்' நாவல் அவர் பெயரைத் தமிழ்நாடெங்கும் கொண்டு சேர்த்தது.

இந்த வரலாற்றை ஓர் ஏழை இளைஞனுக்கு வந்த அதிர்ஷ்டமாகப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த அந்த நாளைய வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் காரணம் விளங்கும். அச்சுக் கோப்பவர் சிறு சிறு அறைகளாகத் தடுத்த மரப் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டு, எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியை ஒரு கண்ணால் பார்த்தபடி, இடம் வலம் மாறிய ஈய எழுத்துகளை விரலாலேயே தடவி எடுத்து, இடக்கையில் பிடித்த ஸ்டிக்கில் வரிவரியாக அடுக்குவார். வாசகன் ஒரு பக்கத்தை ஒரு நிமிஷத்தில் தாண்டிப் போகலாம், அலுப்பூட்டும் பத்தியை விட்டுவிட்டு அடுத்த பத்திக்குத் தாவவும் செய்யலாம். அச்சுக் கோப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. வாக்கியம் எங்கே வளைகிறது, எங்கே முற்றுப் பெறுகிறது, எந்தச் சொல் தேவையின்றி வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவர் விரலுக்குத் தெரிந்துவிடும், ஏனெனில் தேவையற்ற ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கூடுதல் உழைப்பு. பிறகு புரூஃப் எடுத்து, ஆசிரியர் அடித்துத் திருத்தியதைப் பார்த்து, கோத்ததைப் பிரித்து மறுபடியும் கோக்க வேண்டும். ஒரு நல்ல ஆசிரியர் எதை அடிக்கிறார், எதை விட்டுவைக்கிறார் என்பதை வருஷக்கணக்கில் தினந்தோறும் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர், எழுத்துக்கலையின் மிக உயர்ந்த பாடசாலையில்தான் இருக்கிறார். விந்தனுக்கு வாய்த்தது அந்தப் படிப்பு. அவருடைய வாக்கியங்களில் தங்கியிருக்கும் சிக்கனத்துக்கும் கூர்மைக்கும் அதுவே மூல காரணம் என்பது என் துணிபு.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஜெயகாந்தனும் அத்தகைய இன்னொரு சாட்சி. அவர் சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சியின் அலுவலகத்திலே வளர்ந்து, 'ஜனசக்தி'யைத் தெருவில் விற்று, அச்சக வேலையும் பார்த்து, கட்சித் தோழர்களின் விவாதங்களைக் கேட்டுக் கேட்டே மொழியைத் தன்வசமாக்கிக்கொண்டவர். பிற்காலத்தில் ஞானபீட விருது அவரைத் தேடி வந்தது. இவ்விருவருக்கும் பொதுவாக இருந்தது, பிறர் எழுத்தோடு அன்றாடம் கைகலந்து உழைத்த அனுபவம். ஈய எழுத்து மறைந்துவிட்ட இக்காலத்திலும் அந்த அப்பியாசம் எவருக்கும் எட்டாததன்று. நமக்குப் பிடித்த ஒரு சிறுகதையை முதலிலிருந்து கடைசி வரை கையால் ஒருமுறை எழுதிப் பார்த்தாலே போதும், கதாசிரியர் எங்கே நம்மைக் காக்க வைத்தார், எங்கே சட்டென்று விஷயத்தைச் சொல்லிவிட்டார் என்பது தெரியவரும்.

மண்ணூர்பேட்டைக்குப் பக்கத்து உதாரணம் ஒன்றும் இருக்கிறது. இங்கிருந்து அதிக தூரமில்லாத செம்பியத்தில், டிராக்டர் தொழிற்சாலையில், சுருக்கெழுத்தும் தட்டச்சும் தெரிந்த ஊழியராக வேலை பார்த்தவர் பாலகுமாரன். தஞ்சை மாவட்டத்துப் பழமார்நேரியில் 1946இல் பிறந்து, 'கசடதபற' போன்ற சிறு பத்திரிகைகளில் கவிதை எழுதத் தொடங்கிய அவர், மாலன், சுப்ரமண்ய ராஜு முதலிய நண்பர்களோடு ஓயாமல் வாதாடியும், சுஜாதாவிடம் சிறுகதையின் நுட்பத்தைக் கேட்டறிந்தும் உரைநடைக்கு வந்தவர். தொழிற்சாலை வேலைநிறுத்தத்தில் உயிரிழக்கும் ஒரு தொழிலாளியின் குடும்பத்தைப் பற்றிய 'மெர்க்குரிப் பூக்கள்' என்னும் நாவலையும், லாரிப் போக்குவரத்தின் உலகத்தைச் சொல்லும் 'இரும்பு குதிரைகள்' என்னும் நாவலையும் படிப்பவர்கள், ஆபீஸ் மேஜையின் முன் உட்கார்ந்திருந்த அந்த ஊழியர் தம்மைச் சுற்றி நடந்ததை எவ்வளவு கவனமாகக் கண்ணிலும் காதிலும் வாங்கிக்கொண்டிருந்தார் என்பதைப் பார்த்து வியப்படைவார்கள். வேலை எழுத்துக்கு இடையூறு என்று புலம்புகிற இளைஞர்கள் இவற்றை ஒருமுறை படிக்க வேண்டும். எழுதுவதற்கான பொருளை வேலையே நாள்தோறும் கொண்டுவந்து கொட்டுகிறது. தொழிற்பேட்டையின் ஷிப்டு வாழ்க்கையைப் பற்றி, அதை வாழ்ந்தவர்கள் எழுதிய நல்ல நாவல்கள் தமிழில் இன்னும் போதிய அளவு வரவில்லை.

பொருளைத் தேடிப் போன எழுத்தாளரும் இருக்கிறார்கள். முசிறியில் 1925இல் பிறந்து, இளம் வயதிலேயே மணமாகி, கல்லூரியைக் காணாமல் வீட்டிலிருந்தபடியே படித்து எழுத வந்த ராஜம் கிருஷ்ணன், தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் சென்று அங்குள்ள தொழிலாளரோடு பழகிய பிறகுதான் 'கரிப்பு மணிகள்' எழுதினார். நீலகிரியின் படகர் வாழ்வைப் பற்றிய 'குறிஞ்சித் தேன்' நாவலும் அவ்விதம் கள அனுபவத்திலிருந்து பிறந்ததே. கற்பனை வளம் மட்டும் போதும் என்று நம்புகிறவர்கள் அந்த அம்மையாரின் உழைப்பை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆயினும் தனிமையில் செய்யும் சாதகம் ஓர் எல்லை வரையில்தான் கொண்டுபோகும். எழுதியதை இன்னொருவர் கேட்டு, முகத்துக்கு நேரே குறை சொல்ல வேண்டும். 1959இல் சி.சு. செல்லப்பா திருவல்லிக்கேணியிலிருந்து தொடங்கிய 'எழுத்து' என்னும் பத்திரிகை, அவ்வாறு குறை சொல்லவும் கேட்கவும் ஓர் இடத்தை அமைத்துக் கொடுத்தது. அதற்கு வாசகராகக் கடிதம் எழுதியவர் வெங்கட் சாமிநாதன். அக்கடிதத்தின் தரத்தைக் கண்டு செல்லப்பா தொடர்ந்து எழுதச் சொன்னதனால் தமிழுக்கு ஒரு விமர்சகர் கிடைத்தார். திருகோணமலையிலிருந்த தருமு சிவராமு என்ற இளைஞர் அனுப்பிய கவிதைகளும் கட்டுரைகளும் அதில் பிரசுரமாயின. அவரே பிற்காலத்துப் பிரமிள். பெயரையும் ஊரையும் பாராமல் எழுத்தை மட்டும் பார்த்த ஓர் ஆசிரியர் இருந்தால் எத்தனை பேர் உருவாக முடியும் என்பதற்கு அந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களே அத்தாட்சி. 1970 முதல் இயங்கிவந்த 'இலக்கியச் சிந்தனை' அமைப்பு, மாதந்தோறும் பத்திரிகைகளில் வெளியான சிறுகதைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கூட்டத்தில் அதைப் பற்றி விவாதித்து, ஆண்டின் சிறந்த கதைகளைத் தொகுப்பாகவும் கொண்டுவந்தது. பெயர் தெரியாத பலருக்கு முதல் அங்கீகாரம் அங்கேதான் கிடைத்தது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1975இல் தோன்றிய பிறகு, அதன் கிளைக் கூட்டங்களில் தொழிலாளர்களும் ஆசிரியர்களும் தங்கள் கதைகளைப் படித்துக் காட்டி, நண்பர்களின் விமர்சனத்துக்கு ஆட்பட்டு வளர்ந்திருக்கிறார்கள். பாராட்டு மட்டுமே கிடைக்கும் கூட்டங்களுக்குப் போவதனால் பயன் சொற்பம்.

இனி பிரசுரத்தைப் பற்றி. பத்திரிகையில் முதலில் பெயர் எடுத்து, பிறகு அக்கதைகளைத் தொகுத்துப் புத்தகமாக்குவதுதான் தமிழில் நெடுங்காலமாக இருந்துவரும் முறை. போட்டிகளும் பலருக்குக் கதவைத் திறந்திருக்கின்றன: 'கலைமகள்' நடத்திய நாராயணசாமி ஐயர் நினைவு நாவல் பரிசு அகிலனின் 'பெண்' நாவலுக்குக் கிடைத்தது, 1966இல் 'கல்கி' வெள்ளிவிழா நாவல் போட்டியில் முதற்பரிசு பெற்ற உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' பிற்காலத்தில் திரைப்படமாகவும் புகழடைந்தது. பத்திரிகைக்கு அனுப்பிய கதை திரும்பி வந்தால், அதையே தூக்கி இன்னொரு பத்திரிகைக்கு அனுப்பாமல், ஒரு மாதம் ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிய கண்ணோடு படித்துத் திருத்தி அனுப்புவது உத்தமம்.

இன்றைக்குக் கணினியும் தேவைக்கேற்ப அச்சிடும் வசதியும் வந்துவிட்டபடியால், முன்பு ஆயிரத்துக்கும் குறையாமல் அச்சிட வேண்டியிருந்த புத்தகத்தை இப்போது ஐம்பது பிரதி, நூறு பிரதி என்றுகூட அச்சிட முடிகிறது. இதனால் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. ஆசை மிகுந்த இளைஞரிடம் பெருந்தொகையை வாங்கிக்கொண்டு, பிழை திருத்தாமல், கடைக்கும் அனுப்பாமல், கட்டுக் கட்டாகப் புத்தகத்தை அவர் வீட்டுத் திண்ணையிலேயே இறக்கிவிட்டுப் போகிறவர்களும் இத்தொழிலில் இருக்கிறார்கள். நல்ல பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியைப் படித்து, திருத்தம் சொல்லி, தம் செலவில் வெளியிட்டு, விற்ற பிரதிகளுக்கு ராயல்டி கொடுப்பார். விலையில் பத்து சதவீதம் என்பது பரவலாக வழங்கிவரும் கணக்கு. ஒப்பந்தம் எழுதும்போது ஒரு விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுதிய கணத்திலேயே உரிமை எழுதியவரைச் சேர்ந்துவிடுகிறது. அதற்காக எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. உரிமையைப் பதிப்பாளருக்கு எழுதிக் கொடுக்கும்போது எத்தனை ஆண்டுகள் என்று குறிப்பிடாவிட்டால், சட்டம் அதை ஐந்து ஆண்டுகளாகவே கொள்ளும். காலவரை இன்றி மொத்தமாகக் கொடுத்துவிடும்படி கேட்கும் காகிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம்.

சொந்தமாக வெளியிடுவதைக் கேவலமாக எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். செல்லப்பாவோ தம் நூல்களைத் தாமே அச்சிட்டு, மூட்டையாகச் சுமந்து, ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குச் சென்று விற்றவர். எண்பத்தைந்து வயதை எட்டிய பருவத்தில், 1997இல், 'சுதந்திர தாகம்' என்ற நாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். மறுவருஷமே காலமானார், சாகித்ய அகாதெமி விருது 2001இல் அந்நாவலுக்கு வழங்கப்பட்டது.

மண்ணூர்பேட்டை, பாடி, அம்பத்தூர் வாசிகளிடம் ஒரு விண்ணப்பம். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் காரணமாக, நம் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டிவருகிறோம். அந்த வரியால் நடக்கும் கிளை நூலகங்களுக்கு வாசகர் வட்டம் என்ற அமைப்பு உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், வட்டாரத்து இளைஞர்களும் பெண்களும் தாங்கள் எழுதியதை அங்கே வாசிக்கவும், நன்றாகப் படித்த நாலு பேர் உட்கார்ந்து கேட்டு உள்ளது உள்ளபடி சொல்லவும் ஏற்பாடு செய்யுங்கள். நூலகரைப் பார்த்துப் பேசுங்கள். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் எவரேனும் உங்கள் தெருவில் இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். நோட்டுப் புத்தகத்தை மறைத்து வைத்திருக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். முதல் கூட்டத்துக்கு அவனையோ அவளையோ கூட்டிக்கொண்டு போங்கள்.