அதிகத் தூரம் பறந்தவர் தோற்பது எப்படி?

பனிக்கட்டி என்றால் குளிர்பதனப் பெட்டியில் படிவதுதான் என்று அறிந்திருக்கும் நமக்கு, பனிமலையில் நடக்கும் ஒரு விளையாட்டின் புள்ளிக் கணக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் குளிர்கால ஒலிம்பிக் நடக்கும் நாள்களில் தொலைக்காட்சியைத் திருப்பிய வாசகர்கள் ஒரு வேடிக்கையைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் 130 மீட்டர் பறந்து இறங்குகிறார். அடுத்து வந்தவர் 126 மீட்டர்தான். ஆனால் முதலிடம் இரண்டாமவருக்கு! "இதென்ன அநியாயம்?" என்று வீட்டில் யாராவது ஒருவர் குரல் எழுப்பியிருப்பார்.

பனிச்சறுக்குத் தாண்டல் என்ற இந்த விளையாட்டு நோர்வே நாட்டில் பிறந்தது. உயரமான சாய்தளத்தின் உச்சியில் ஒரு குறுக்குக் கம்பத்தில் வீரர் அமர்ந்திருப்பார். காலில் அவரைவிட நீளமான இரண்டு சறுக்குப் பலகைகள். கையில் ஒன்றும் கிடையாது. பச்சை விளக்கு எரிந்ததும் சறுக்கத் தொடங்கி, மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகத்தில் சாய்தளத்தின் விளிம்புக்கு வந்து எம்பிப் பாய்வார். பிறகு ஐந்தாறு வினாடிகள் காற்றுதான் அவருக்குத் தரை.

இனி கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு குன்றிலும் ஒரு கோடு குறித்திருப்பார்கள். அந்தக் கோட்டைத் தொட்டால் 60 புள்ளி. பெரிய குன்றாக இருந்தால், அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் 1.8 புள்ளி கூடும்; குறைந்தால் அதே அளவு கழியும். இது தூரத்துக்கு. அழகுக்கு ஐந்து நடுவர்கள் உண்டு. ஆளுக்கு 20 புள்ளி வரை தரலாம். அதிகம் கொடுத்தவரையும் குறைவாகக் கொடுத்தவரையும் தள்ளிவிட்டு, நடுவே உள்ள மூவரின் புள்ளிகளை மட்டும் கூட்டுவார்கள். உடம்பு ஆடாமல் பறக்க வேண்டும். இறங்கும்போது ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, முழங்கால் மடிந்து, கைகள் விரிந்திருக்க வேண்டும். இதற்கு டெலிமார்க் என்று பெயர். நோர்வேயில் உள்ள ஒரு வட்டாரத்தின் பெயர் அது.

கோடு 120 மீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 130 மீட்டர் பறந்தவருக்குத் தூரத்தில் 78 புள்ளி. ஆனால் தடுமாறி இறங்கியதால் மூன்று நடுவர்களும் 16.5 போட்டார்கள். மொத்தம் 127.5. மற்றவர் 126 மீட்டர்; தூரத்துக்கு 70.8. அழகாக இறங்கியதால் மூவரும் 19.5. மொத்தம் 129.3. இப்போது கணக்கு நேராகிறது அல்லவா?

ஆனால் எது அழகு என்று யார் முடிவு செய்வது? வம்பு அங்கேதான் பிறந்தது.

பல காலமாக இரண்டு சறுக்குப் பலகைகளையும் ஒட்டினாற்போல், இணையாக வைத்துப் பறப்பதே இலட்சணம் என்று வைத்திருந்தார்கள். சுவீடன் நாட்டு இளைஞர் யான் பொக்லேவ் 1980களின் நடுவில் பலகைகளின் முன்முனைகளை அகல விரித்து, ஆங்கில 'வி' எழுத்தைப்போல் வைத்துப் பறக்கத் தொடங்கினார். பார்ப்பதற்குத் தவளை பாய்வதுபோல் இருந்தது. நடுவர்கள் முகம் சுளித்தார்கள். அழகுப் புள்ளியை இரக்கமில்லாமல் வெட்டினார்கள். ஆனால் காற்று அவர் பக்கம் இருந்தது. பலகை விரிந்தால் அடியில் காற்றுப் பிடிக்கும் பரப்பு கூடுகிறது. தூக்குவிசை கால்பங்கு அளவுக்கு ஏறுகிறது. நடுவர் வெட்டிய புள்ளியைப் பொக்லேவ் தூரத்தில் சம்பாதித்துக்கொண்டார். 1988-89 உலகக் கிண்ணத் தொடரில் ஒட்டுமொத்த வெற்றியாளர் அவர்தான்!

வெட்டு வாங்கியவர் வென்ற பிறகு, வெட்டிய விதி எத்தனை நாள் நிற்கும்? 1990களின் தொடக்கத்தில் வி முறைக்கு அழகுப் புள்ளி குறைப்பதைக் கைவிட்டார்கள். 1992 அல்பெர்வில் ஒலிம்பிக்கில் ஃபின்லாந்தின் 16 வயதுப் பையன் டோனி நியெமினன் வி முறையில் பறந்து, பெரிய குன்றில் தங்கம் எடுத்தான். 1988இல் மூன்று தங்கம் வென்ற அதே நாட்டு மத்தி நிகானென், பழைய முறையின் மன்னர். புதிய முறை வந்தபின் அவர் பழைய இடத்தைப் பிடிக்கவே இல்லை. ஜெர்மனியின் யென்ஸ் வைஸ்ஃபிளோக் மட்டும் விடவில்லை. 1984இல் இணைப்பலகை முறையில் தங்கம் வாங்கியவர், கற்றதை மறந்து புதியதைக் கற்று, 1994இல் வி முறையில் இன்னொரு தங்கம் வாங்கினார். வயிற்றுப்பாட்டுக்காக நடுவயதில் வேறு தொழில் கற்றவர்களுக்கு அந்தப் பத்து ஆண்டின் பாரம் தெரியும். பொக்லேவுக்கோ ஒலிம்பிக் பதக்கமே கிட்டவில்லை. வழி வெட்டியவர் ஒருவர், நடந்தவர்கள் வேறு.

அழகுச் சண்டை ஓய்ந்தது. காற்றுச் சண்டை ஓயவில்லை. இந்த விளையாட்டில் எதிர்காற்று நண்பன். அது பலகையின் அடியில் புகுந்து தூக்கிவிடும். பின்காற்று பகைவன், முதுகில் கைவைத்துக் கீழே அமுக்கும். ஒருவர் பாயும்போது நல்ல காற்று. இரண்டு நிமிடம் கழித்து அடுத்தவர் பாயும்போது கெட்ட காற்று. திறமை ஒன்றே ஆனாலும் பலன் வேறு. இளமரங்கள் நிற்கும் நிரை கிடைத்தவரும், பட்டை தீர்ந்த கிழட்டு மரங்கள் கிடைத்தவரும் ஒரே தராசில் பால் நிறுத்த கதையை அறிந்த குடும்பங்களுக்கு இந்த ஆத்திரத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

முன்பெல்லாம் காற்று மாறி, வீரர்கள் ஆபத்தான தூரத்துக்குப் போகத் தொடங்கினால், தொடக்கக் கம்பத்தைக் கீழே இறக்கிவிட்டுச் சுற்றையே முதலிலிருந்து நடத்துவார்கள். அதுவரை உயிரைக் கையில் பிடித்துப் பாய்ந்தவர்களின் தூரமெல்லாம் அழிந்துபோகும். 2009 கோடையில் ஜெர்மனியின் ஹின்டர்சார்டனில் ஒரு புதிய விதியைச் சோதித்தார்கள். குன்றுச் சரிவில் பல இடங்களில் காற்றுமானி வைத்து அளந்து, எதிர்காற்று கிடைத்தவருக்குப் புள்ளி கழிப்பது. பின்காற்றில் சிக்கியவருக்குப் புள்ளி கூட்டுவது. தாழ்ந்த கம்பத்திலிருந்து புறப்பட்டவருக்கும் ஈடு உண்டு. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் இந்தக் கணக்குதான்.

இரசிகர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. யார் வென்றார் என்று கண்ணால் கண்டு கைதட்டும் சுகம் போய்விட்டது என்றார்கள். காற்றுமானி நிற்கும் இடத்தில் அடிக்கும் காற்றும் வீரரின் நெஞ்சில் அடிக்கும் காற்றும் ஒன்றாகுமா என்ற கேள்வியும் நியாயமானதுதான். ஆனாலும் என் ஓட்டு புதிய கணக்குக்கே. பார்ப்பவர் கொஞ்சம் குழம்பினால் குடி முழுகாது. பாய்ந்தவர் பாய்ந்தது வீணாகக் கூடாது.

புள்ளிப் பட்டியலில் வராத ஒரு விதியையும் பெற்றோர்கள் அறிந்துகொள்வது நல்லது. எடை குறைந்தவர் அதிகத் தூரம் பறப்பார். ஆகவே சில வீரர்கள் பட்டினி கிடந்தார்கள். எலும்பும் தோலுமாக இளைஞர்கள் மேடையேறுவதைக் கண்டு பயந்த அனைத்துலகப் பனிச்சறுக்குச் சம்மேளனம், 2004-05 பருவத்தில் ஒரு கடிவாளம் போட்டது. உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாதவர் குட்டைப் பலகையோடுதான் பாய வேண்டும். பலகை குட்டையானால் காற்றுப் பிடிப்பும் குறையும். பசியால் சம்பாதித்த தூரத்தைப் பலகையில் பிடித்துக்கொண்டார்கள். எல்லா விதி மாற்றங்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

விதி வளர்ந்தால் குறுக்குவழியும் வளரும். 2025 மார்ச்சில் நோர்வேயின் ட்ரொண்ஹெய்ம் நகரில் நடந்த உலகப் போட்டியில், நோர்வே அணியின் உடுப்புகளில் விறைப்பான நூல் வைத்துத் தைத்தது அம்பலமாயிற்று. வெள்ளி வென்றிருந்த மரியுஸ் லின்ட்விக் தகுதி நீக்கப்பட்டார். விளையாட்டைப் பெற்ற நாட்டிலேயே!

கடைசியாக ஒரு கணக்குப் பிழையின் கதை. முதல் குளிர்கால ஒலிம்பிக் 1924இல் பிரான்சின் ஷமோனி நகரில் நடந்தது. தாண்டலில் மூன்றாம் இடம் நோர்வேயின் தோர்லெய்ஃப் ஹவுக்குக்கு. அதே போட்டிகளில் ஏற்கெனவே மூன்று தங்கம் வாங்கிய பெரிய வீரர் அவர். நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆண்டர்ஸ் ஹவுகனுக்கு நான்காம் இடம். ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் பழைய தாள்களை எடுத்துக் கூட்டிப் பார்த்தபோதுதான் ஹவுக்கின் புள்ளியைக் கணக்கிட்டதில் பிழை இருந்தது தெரிந்தது. ஹவுக் 1934இலேயே காலமாகிவிட்டார். 1974இல் ஓஸ்லோவில் அவருடைய மகள், தம் தகப்பனாரின் வெண்கலப் பதக்கத்தை 85 வயது ஹவுகனின் கையில் கொடுத்தார்.