செவிவழி விண்வெளி: ஜேர்மன் ஒலிநூல்களும் எமது இல்லங்களும்

ஜேர்மனியில் பிள்ளை வளர்க்கும் எம்மவர் அனைவரும் இக்காட்சியை அறிவர். இரவு ஒன்பது மணி. பிள்ளையின் அறையில் விளக்கு அணைந்துவிட்டது. பிள்ளையும் கண்ணை மூடிப் படுத்துவிட்டது. ஆயினும் அறைக்குள் ஓர் ஆண்குரல் தாழ்ந்த தொனியில் பேசிக்கொண்டேயிருக்கும். அது செய்தியன்று, பாடலுமன்று, கதை. ஏதோ ஒரு விண்கலம் ஏதோ ஒரு கிரகத்தை நோக்கிச் சென்றுகொண்டிருக்கும். அக்குரல் என்ன கூறுகிறதென்று பெற்றோர் நின்று கேட்பது அரிது. பிள்ளை உறங்கினால் போதுமென்று கதவைச் சாத்திவிட்டு, மறுநாள் அதிகாலை வேலைக்கான ஆயத்தங்களைக் கவனிக்கச் சென்றுவிடுகின்றனர்.

ஜேர்மனியர் கதை கேட்பதில் தனி நாட்டமுடையவர்கள். வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் ஜேர்மன் நாடகம் 1924 ஒக்டோபர் 24 ஆம் திகதி பிராங்பேர்ட் நிலையத்திலிருந்து ஒலிபரப்பாயிற்று. அதை ஆக்கியவர் அந்நிலையத்தின் கலைப் பொறுப்பாளரான ஹான்ஸ் பிளெஷ். ஒலிபரப்பு நடந்துகொண்டிருக்கையில் மாயசக்தி ஒன்று குறுக்கிட்டு நிலையத்தையே குழப்பிவிடுவதுதான் கதை. இதே பிளெஷை நாஸிகள் 1933 இல் கைதுசெய்து ஒரானியன்பூர்க் தடுப்பு முகாமில் அடைத்தனர். 1939 செப்டெம்பரில் போர் மூண்டபோது அந்நிய நாட்டு வானொலியைக் கேட்பதே குற்றமென்று சட்டம் வந்தது. போர்வைக்குள் தலையை மறைத்து இலண்டன் வானொலியைக் கேட்ட ஜேர்மனியர் பலர். போர் முடிந்த பின், போரில் கண்ணிழந்தோரின் சங்கம் சிறந்த வானொலி நாடகத்துக்கு ஒரு பரிசை ஏற்படுத்தியது. முதற் பரிசு வழங்கப்பட்டது 1952 இல். பார்வையிழந்தோர் வழங்கிய அப்பரிசு இந்நாட்டு எழுத்தாளர்கள் பெரிதும் மதித்த விருதுகளுள் ஒன்றாயிற்று.

போருக்கு நடுவே வானொலி கேட்பது எத்தகையதென்று எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் முற்பகுதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மின்கலமும் கிடைக்கவில்லை. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலியை இயக்கிய தலைமுறை இன்று டோட்மூண்டிலும் ஸ்ருட்காட்டிலும் வாழ்கிறது. சுற்றுபவர் கை ஓய்ந்தால் செய்தி நின்றுவிடும். வீட்டார் யாவரும் ஒரே இடத்தில், ஒரே குரலைக் கேட்டிருந்த காலம் அது. அதற்கு முன், சானாவின் ‘லண்டன் கந்தையா’வை முற்றத்திலிருந்து கேட்டுச் சிரித்த காலமும் உண்டு.

இந்நாட்டில் கதை கேட்கும் பழக்கத்தை வானொலியிலிருந்து பிள்ளைகளின் அறைக்குக் கொண்டுவந்தது கசற். பிலிப்ஸ் நிறுவனம் அதனை 1963 இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகம் செய்தது. எழுபதுகளில் ‘ஒய்ரோப்பா’ என்ற பெயரில் வெளிவந்த மலிவு விலைக் கதைக் கசற்றுகள் ஜேர்மன் வீடுகளை நிறைத்தன. ‘மூன்று கேள்விக்குறிகள்’ என்னும் துப்பறியும் தொடர் 1979 இல் ஆரம்பமாகி இருநூறு பாகங்களைக் கடந்துவிட்டது. அன்று சிறுவர்களாகக் குரல் கொடுத்த மூவரும் நரைத்த பின்னரும் அதே பாத்திரங்களைப் பேசினர். சிறுவர்க்கான விண்வெளிக் கதைகளில் ‘கொமாண்டர் பேர்க்கின்ஸ்’ தொடர் 1976 முதல் வெளிவந்தது. எம்மவர் பலர் இவற்றைப் பழம்பொருட் சந்தையில் சில்லறைக் காசுக்கு வாங்கியிருப்பர். என்ன கதையென்று தெரிந்தல்ல, பிள்ளை அழாதிருக்கட்டுமென்றே வாங்கினர். அந்தக் கசற்றின் பேரப்பிள்ளைதான் 2016 இல் டுசல்டோர்பிலிருந்து வந்த ‘டோனிபொக்ஸ்’. சிறு பொம்மையை மேலே வைத்தவுடன் பெட்டி கதை சொல்லத் தொடங்கிவிடும்.

இவை சிறுவர்க்கானவை. வளர்ந்தோர்க்கென்று இந்நாட்டில் ஒரு நெடுங்கதை உண்டு. நீளத்தில் அதற்கு ஈடு காண்பது கடினம். ‘பெரி ரோடான்’ என்னும் அவ்விஞ்ஞானப் புனைகதை 1961 செப்டெம்பரில் முதல் இதழுடன் ஆரம்பமாயிற்று. வாரந்தோறும் அறுபது பக்க அளவில் ஒரு சிறுநூல். இடையறாது தொடர்ந்து 2019 பெப்ரவரியில் மூவாயிரமாவது இதழை எட்டியது. இன்றும் தொடர்கிறது. ஒருவரால் எழுதி முடியாத கதையாகையால் எழுத்தாளர் குழுவொன்று முறைவைத்து எழுதுகிறது. கதையின் போக்கை வகுப்பவர்கள் வேறு, அத்தியாயங்களை எழுதுபவர்கள் வேறு. தொடங்கிய இருவரான கே. எச். ஷேயரும் கிளார்க் டார்ல்டனும் மறைந்துவிட்டனர், கதை நிற்கவில்லை.

மனிதன் 1971 இல் முதன்முறையாகச் சந்திரனில் இறங்குகிறான் என்றுதான் 1961 இல் எழுதினார்கள். (உண்மையான மனிதர்கள் இரண்டு ஆண்டுகள் முந்திக்கொண்டனர்.) அங்கே பழுதடைந்து நிற்கும் வேற்றுக்கிரகக் கப்பலையும், அதனுள் நோயுற்ற ஒரு முதியவரையும் ரோடான் காண்கிறான். அத்தொழில்நுட்பம் எந்தவொரு வல்லரசின் கையிலும் சேரக்கூடாதென்று எண்ணித் தன் நாட்டுக்குத் திரும்பாமல் கோபிப் பாலைவனத்தில் இறங்குகிறான். அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூன்றும் அவனைத் துரோகியென்கின்றன. பேர்லின் மதில் எழும்பிய சில வாரங்களில் வெளியான கதை இது என்பதை நினைவிற்கொண்டால், ஜேர்மன் வாசகர் அதை ஏன் அள்ளிக்கொண்டனர் என்பது விளங்கும். தொடரின் எல்லாப் பகுதிகளும் இதே தரத்தில் உள்ளன என்று கூற முடியாது. போர்க்காட்சிகள் அலுப்பூட்டுமளவுக்கு நீள்கின்ற இடங்கள் பல. ஆரம்பப் பகுதி மட்டும் இன்றைக்கும் சுவை குன்றவில்லை.

கிளார்க் டார்ல்டன் என்பவரின் உண்மைப் பெயர் வால்டர் ஏர்ன்ஸ்ரிங். 1920 இல் கோப்லென்ஸில் பிறந்த அசல் ஜேர்மனியர். ஐம்பதுகளில் விஞ்ஞானக் கதை எழுதும் ஜேர்மனியரைப் பதிப்பாளர்கள் நம்பவில்லை; ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தவற்றையே விரும்பினர். ஆகவே ஆங்கிலப் பெயரொன்றைப் புனைந்து, தான் எழுதிய நாவலைத் தானே மொழிபெயர்த்ததாகக் கூறிக் கொடுத்தார், அச்சேறியது. கதவு திறக்கப் பெயரை மாற்ற நேர்ந்தவர்களின் வரிசையில் சொந்த நாட்டிலேயே இப்படியும் ஒருவர்!

பழைய இதழ்களைத் திருத்தித் தொகுத்து, வெள்ளிநிற அட்டையுடன் 1978 முதல் தடித்த நூல்களாக வெளியிட்டு வருகின்றனர். அவை நூற்றைம்பதைக் கடந்துவிட்டன. கெல்ன் நகர நிறுவனமொன்று இவற்றை ஒலிநூல்களாக்கியது. முதற் தொகுதிகளை வாசித்தவர் யோசெப் ட்ராட்னிக். ஒவ்வொரு தொகுதியும் பத்து மணித்தியாலத்தைத் தாண்டும். ஒரே மனிதர் ஒரே நிதானத்தில் வாசித்துச் செல்கிறார். நாடகம் கேட்டுப் பழகியவர்க்கு முதலில் இது வறட்சியாகத் தோன்றலாம். மூன்றாம் நாளில் அக்குரல் வீட்டு மனிதரின் குரல்போலாகிவிடும்.

பத்துப் பதினைந்து மணித்தியாலம் கதை கேட்க எமக்கு நேரமேது என்று வாசகர் கேட்பது நியாயம். உணவகத்தில் பாத்திரம் கழுவும் கைக்கு வேலை உண்டு, காதுக்கு இல்லை. அலுவலகக் கட்டடங்களை அதிகாலையில் துப்புரவு செய்பவரும், களஞ்சியத்தில் பொதி கட்டுபவரும், வீட்டில் இடியப்பம் பிழிபவரும் இதே நிலையினர். பதினைந்து மணித்தியால நூலை நாளுக்கு அரை மணியாகக் கேட்டால் முப்பது நாளில் முடிந்துவிடும். இடையில் தொலைபேசி மணி அடிக்கும், சட்டி அடிப்பிடிக்கும், சின்னவன் விழுவான். ஒரு நிமிடம் பின்னோக்கி நகர்த்தி மீண்டும் தொடரலாம். நெடுங்கதையின் அனுகூலம் இதுவே. ஒரு வாக்கியம் தவறினால் கதை தவறுவதில்லை.

எண்பதுகளில் கிழக்கு பேர்லின் வழியாக வந்து சேர்ந்தோர்க்கு மொழி வகுப்பென்று பெரிதாக எதுவும் கிட்டவில்லை. அரச ஒருங்கிணைவு வகுப்புகள் 2005 இல் வந்த சட்டத்துடன்தான் தொடங்கின. ஆகவே முப்பது ஆண்டுகள் வாழ்ந்தும் ஜேர்மன் மொழியைத் துண்டுதுண்டாகவே பேசுவோர் எம்மிடையே உள்ளனர். இவர்கள் கேட்ட ஜேர்மன் பெரும்பாலும் சமையலறைக் கட்டளைகளே. குடியுரிமைக்கு வேண்டிய பி 1 பரீட்சையில் கேட்டல் ஒரு தனிப் பகுதியாகும். விண்வெளிக் கதையில் வரும் சொற்கள் பரீட்சைக்கு வரப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் முழு வாக்கியங்களின் ஓட்டம் காதில் படிகிறது. இதில் தமிழர்க்கு ஒரு வசதியும் உண்டு. ‘ஏர் மோர்கன் நாக் கெல்ன் பேர்ட்’ என்று துணைவாக்கியத்தில் ஜேர்மன் சொல்லும் ஒழுங்கைப் பாருங்கள்: ‘அவன் நாளை கெல்னுக்குப் போகிறான்’. வினைச்சொல் கடைசியில். அது வரும்வரை காத்திருப்பது ஆங்கிலேயர்க்குச் சிரமம். தாலாட்டிலிருந்தே காத்திருந்து பழகியது எம் காது.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. பிள்ளை இயர்போனில் ஜேர்மன் கதை கேட்கிறது. தாய் கைத்தொலைபேசியில் தமிழ் நாடகம் பார்க்கிறார். தந்தை மற்றோர் அறையில் ஊர்ச் செய்தி கேட்கிறார். ஒரு கூரையின் கீழ் மூன்று காதுலகங்கள். வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் மட்டும் பிள்ளையை அழைத்து மொழிபெயர்க்கச் சொல்கிறோம். அப்பிள்ளை தமிழில் பேசும் மிக நீண்ட வாக்கியம் வதிவிட அனுமதி பற்றியதாகவே இருக்கிறது. கடிதத்தைத் தமிழில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, தன்னை மகிழ்விக்கும் கதையைத் தமிழில் சொல்லத் தெரியாது. ‘ரவும்ஷிப்’ என்பதற்கு விண்கலம் என்றும், ‘லிஷ்ற்யார்’ என்பதற்கு ஒளியாண்டு என்றும் அதற்கு எவரும் கூறியதில்லை. கூறுவதற்குப் பெற்றோர் அக்கதையைக் கேட்டிருக்க வேண்டுமே!

இயர்போனைக் கழற்றி, கதையைச் சமையலறையில் உரக்க ஒலிக்கவிடுவது செலவில்லாத காரியம். அரைகுறையாக விளங்கினாலும் பாதகமில்லை, அதுவே நல்லதென்பேன். ‘இப்போது என்ன நடந்தது, அந்தக் கிழவர் ஏன் கோபிக்கிறார்?’ என்று தாய் உண்மையாகவே விளங்காமல் கேட்கும்போது, பிள்ளை உண்மையாகவே விளக்க முற்படும். பரீட்சைக் கேள்விக்கும் இதற்குமுள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வர்.

ஒலிநூல்களை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. நகர நூலகங்களில் இறுவட்டுகள் இரவல் கிடைக்கும். ‘ஒன்லைஹே’ என்னும் இணையவழி இரவல் முறை 2007 இல் ஹம்பேர்க், கெல்ன், மூன்சன், வூர்ஸ்பூர்க் நூலகங்களில் தொடங்கி நாடெங்கும் பரவியது. நூலக அட்டை இருந்தால் கைத்தொலைபேசியிலேயே கேட்கலாம். தவணை முடிந்ததும் நூல் தானே திரும்பிவிடும், தண்டப்பணம் இல்லை. சிறுவர்க்கு அட்டை பெரும்பாலும் இலவசம். முகாமில் வசிப்போர்க்கும் பல நகரங்கள் சலுகை அளிக்கின்றன. அடையாளப் பத்திரத்துடன் சென்று விசாரித்தல் நன்று. வானொலி நிலையங்களின் நாடகங்களை அவற்றின் இணையக் களஞ்சியத்தில் கட்டணமின்றிக் கேட்கலாம். விஞ்ஞானக் கதைகளும் அவற்றுள் உண்டு.

தமிழில் இத்தகைய நெடிய விஞ்ஞானக் கதைகளின் ஒலிப்பதிவு, ஜேர்மன் மொழியோடு ஒப்பிடுகையில் சொற்பமே. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஒலிவடிவில் உண்டு. நீளத்தில் வெள்ளி அட்டைத் தொகுதிகளுக்கு அது சளைத்ததன்று. விஞ்ஞானக் கதையென்றால் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நூலாக எளிதிற் கிடைக்கும். ஜீனோ என்னும் இயந்திர நாய் வருகின்ற அக்கதை 2021 ஆம் ஆண்டில் நிகழ்வதாக எண்பதுகளில் எழுதப்பட்டது. அவ்வாண்டும் ரோடானின் 1971 போலக் கடந்துபோயிற்று. ஒலிப்பதிவு கிடைக்காவிடின் தந்தையே வாசிக்கலாம், நாளுக்கு ஐந்து பக்கம். ட்ராட்னிக்கின் குரல்வளம் இல்லாமற் போகலாம். பிள்ளைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

ரோடானின் புதிய இதழ் வெளியாவது வெள்ளிக்கிழமைகளில். எமது தமிழ்ப் பாடசாலைகள் பல சனிக்கிழமைகளில் நடைபெறுகின்றன. காரில் சென்றுவர ஒரு மணித்தியாலம் பிடிக்கும் குடும்பங்கள் ஏராளம். போகும்போது கதையை ஒலிக்கவிட்டு, திரும்பும்போது அதைத் தமிழில் சொல்லுமாறு பின்னிருக்கையில் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். அண்ணன் விட்ட இடத்தைத் தங்கை திருத்துவாள்.