ஓடுகிற பெண்ணுக்கு ஓய்வும் பயிற்சிதான்!

விடியற்காலை ஐந்து மணிக்குப் பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். பெண்கள் கூட்டம் கூட்டமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். கல்லூரி மாணவிகள் மட்டுமல்ல. வீட்டில் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுக்கும் நம்மைப் போன்றவர்களும்தான். ஜனவரியில் வரும் மாரத்தானுக்கு நாலைந்து மாதம் முன்பே ஏற்பாடு ஆரம்பமாகிவிடும். "இந்த வருஷம் பத்து கிலோமீட்டர்", "எனக்கு இருபத்தொண்ணு" என்று காய்கறிக் கடையில்கூட இதே பேச்சு. எட்டு வருஷமாக நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் சிலர் களைத்துப் போனதைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்க, 'பெண்கள் உடம்பு இதற்குத் தாங்காது' என்று அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில்தான் அது திரும்பி வந்தது. பெண்கள் மாரத்தானுக்கோ 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாங்காது என்றவர்கள் சொன்னது பொய்யாகிவிட்டது, சந்தோஷம். அதற்காக எதை ஏற்றினாலும் தாங்கும் என்று நாமே நினைத்துக்கொண்டால் எப்படி?

எங்கள் எதிர் வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு குழந்தைகள். சின்னவனுக்கு நாலு வயசு. 21 கிலோமீட்டர் ஓட ஆசைப்பட்டு, எங்கிருந்தோ ஒரு பயிற்சி அட்டவணை பிடித்தாள். வாரத்தில் ஐந்து நாள், மொத்தம் 40 கிலோமீட்டர். "ஒரு நாள்கூட விடலை அக்கா" என்று பெருமையாகச் சொல்வாள். மூன்றாவது மாதம் முகம் வாடிப்போயிற்று. மாடிப்படி ஏறினால் கால் கனக்கிறது. அவ்வளவு அசதியிலும் ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு ஜலதோஷம் போனால் அடுத்தது வருகிறது. சின்னவன் பாலைக் கொட்டினால் எரிந்து விழுகிறாள். எல்லாவற்றையும்விட வேடிக்கை, ஓட ஓட அவளுடைய வேகம் குறைந்துகொண்டே வந்தது! அதற்கு அவள் கண்ட காரணம் என்ன தெரியுமா? "பயிற்சி போதலை போலிருக்கு அக்கா. இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கணும்."

இந்த இடத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஓடும்போது உடம்பு பலம் பெறுவதில்லை, சொல்லப்போனால் தேய்கிறது. தசைகளில் கண்ணுக்குத் தெரியாத சிதைவுகள் உண்டாகின்றன. சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து கரைகிறது. பிறகு சாப்பிட்டு, தூங்கி எழும்போதுதான் அதெல்லாம் சரியாகி முன்பைவிடக் கொஞ்சம் உறுதியாகிறது. கிரைண்டர் மாவை அரைக்கத்தான் செய்யும். அது பொங்குவது ராத்திரி சும்மா இருக்கும்போதுதானே? பொங்குவதற்குள் மறுபடியும் அரைத்துக்கொண்டே இருந்தால் இட்லி கல்லாகத்தான் வரும்.

ஆரம்பத்திலேயே கவனித்தால் ஒரு வாரம், இரண்டு வாரம் ஓய்வில் சரியாகிவிடும். பிடிவாதமாக ஓடிக்கொண்டே இருந்தால் பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் ஆகும்.

"வாரத்துக்கு 40 கிலோமீட்டர் ஒரு பெரிய விஷயமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஓடிவிட்டு வந்து காலை நீட்டி உட்காருகிறவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. அவள் நாலரைக்கு எழுந்து ஓடி, ஆறேகாலுக்கு அடுப்பைப் பற்ற வைத்து, எட்டரை வரை நின்றுகொண்டே வேலை செய்கிறவள். குழந்தைக்கு ஜுரம் என்றால் ராத்திரி முழுக்க விழிப்பு. வெள்ளிக்கிழமை ஒருவேளைச் சாப்பாடு விரதம், ஞாயிற்றுக்கிழமை 16 கிலோமீட்டர்! கடற்கரையில் பட்ட சிரமம் தனி, சமையலறையில் பட்ட சிரமம் தனி என்று உடம்பு இரண்டு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வதில்லை. அந்த அட்டவணை போட்டவர் அவள் வீட்டு வேலையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சாப்பாட்டு விஷயம் இதைவிட முக்கியம். இளைக்க வேண்டும் என்று ஒரு பக்கம் சோற்றைக் குறைத்து, மறு பக்கம் கிலோமீட்டரைக் கூட்டுகிற பெண்களுக்கு முதலில் நின்றுபோவது மாதவிலக்கு. "தொல்லை விட்டது" என்று சிலர் நிம்மதியாகக்கூட இருந்துவிடுகிறார்கள். கூடவே கூடாது! ஓட்டத்துக்கே சக்தி போதாதபோது உடம்பு மற்ற காரியங்களை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பு வலுவிழக்கிறது, கீழே விழாமலே முழங்கால் கீழெலும்பிலும் பாதத்திலும் மயிரிழை போன்ற விரிசல் விழுகிறது. 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தச் சக்திப் பற்றாக்குறைக்குத் தனிப் பெயரே வைத்து எச்சரித்தது. கர்ப்பம் இல்லாமல் தொடர்ந்து மூன்று மாதம் விலக்கு வரவில்லை என்றால் அவசியம் டாக்டரிடம் போக வேண்டும். வயசுக்கு வந்த மகள் பள்ளிக்கூடத்தில் நெடுந்தூர ஓட்டம் ஓடுகிறாள் என்றால் அம்மா இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. எலும்பில் ஒரே இடத்தில் விரலை வைத்தால் வலி, ராத்திரியிலும் வலி என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு ஓடாதீர்கள்.

ரத்தமும் பார்க்க வேண்டும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஓடுகிறவளுக்கு வியர்வையிலும் இரும்புச்சத்து கொஞ்சம் போகும். எதிர் வீட்டுப் பெண்ணை நான் பிடித்து அனுப்பியபோது ஹீமோகுளோபின் 9.8 இருந்தது, 12-ஆவது இருக்க வேண்டும். தைராய்டும் பார்த்தார்கள், அது சரியாக இருந்தது. 'எல்லாம் ஓட்டத்தால்தான்' என்று நாமே முடிவு கட்டக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். மாத்திரை கொடுத்தார் டாக்டரம்மா. சாப்பிட்டவுடன் காபி, டீ வேண்டாம், கீரை பருப்போடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள் என்றார். இரண்டு வாரம் நடை மட்டும். பிறகு வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டம், அதுவும் பக்கத்தில் வருகிறவளோடு மூச்சு வாங்காமல் கதை பேசுகிற வேகத்தில். ஓடி வந்த அரை மணிக்குள் வாயில் ஏதாவது போட்டாக வேண்டும். அவளுக்குச் சத்துமாவுக் கஞ்சியும் வேகவைத்த முட்டையும்.

வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக்கூடாது என்று ஒரு விதி சொல்வார்கள். அது ஒன்றும் வேதவாக்கில்லை. பரீட்சை நேரம், விருந்தாளி வரும் வாரம் என்றால் கூட்டவே வேண்டாம். நான் நம்புவது நாடியை. காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்குமுன், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிஷம் எண்ணுவேன். எனக்கு வழக்கமாக 62. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து 70-ஐ எட்டினால் ஷூவைத் தொடமாட்டேன். ஜுரம் வரப்போகிறது என்றாலும் நாடி கூடும். எப்படியானாலும் அன்று ஓய்வுதானே?

பச்சை உடம்புக்காரிகளுக்கு ஒரு வார்த்தை. பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாதமாவது ஓட்டம் வேண்டாம் என்று பிரிட்டனில் பிஸியோதெரபிஸ்டுகள் 2019-ல் ஒரு வழிகாட்டியே வெளியிட்டார்கள். அதற்குப் பிறகும், ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ அடிவயிறு கனத்தாலோ வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பயிற்சியால் சரிசெய்யக் கூடியதுதான்.

எதிர் வீட்டுப் பெண் 21-ஐ விட்டுவிட்டு 10 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்தாள். திங்களும் வியாழனும் அவளுக்குக் கண்டிப்பான ஓய்வு நாள். முதல் திங்களன்று மாமியார் கேட்டாராம்:

"என்னம்மா, இன்னிக்கு ஓடப் போகலியா?"

"இன்னிக்கு ஓய்வு அத்தை."

"அப்ப சும்மாத்தானே இருக்கே? அந்தப் பரண்ல இருக்கிற பாத்திரத்தையெல்லாம் இறக்கித் தேய்ச்சுடலாம், வா!"

அன்று சாயங்காலம் நான் போய் அந்த அம்மாளிடம் கிரைண்டர் கதையைச் சொல்லிவிட்டு வந்தேன். பரண் பாத்திரத்தை இப்போது சனிக்கிழமை பிள்ளைதான் இறக்கிக் கொடுக்கிறாராம்.